ஆயில் கசியும் இஞ்சின்: பேக்கிங் மாற்ற ஒர்க்‌ஷாப் எதற்கு?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கங்களில் எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். டிராக்டர் நிறுத்தும் இடத்தில், இஞ்சினுக்கு நேர் கீழே, தரையில் கருத்த வட்டம் ஒன்று இருக்கும். புல் முளைக்காது. மழை பெய்தால் அதன்மேல் தேங்கும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். அதைப் பற்றி வண்டிக்காரரைக் கேட்டால், "இஞ்சின் என்றால் கொஞ்சம் ஆயில் கசியத்தான் செய்யும், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்ற பதிலே வரும்.

இந்தப் பதில் சரியல்ல. இஞ்சின் கசிந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இப்படிக் கசியும் ஆயிலில் பெரும் பங்கு, இஞ்சினின் தலைப்பகுதியை மூடியிருக்கும் ராக்கர் கவரின் ஓரத்திலிருந்து வருவதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். டேப்பெட் கவர் என்றும் இதைச் சொல்வார்கள். அந்தக் கவருக்கு அடியில் உள்ள பேக்கிங் கெட்டுப் போனதே காரணம். இந்தப் பேக்கிங்கை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. வீட்டு வாசலில், அரை நாளில், விவசாயி தாமே செய்து முடிக்கக்கூடிய வேலை. இதற்காக வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு நான்கு நாள் காத்திருப்பதும், அதற்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் கசியவிடுவதும், இரண்டுமே நஷ்டம்தான்.

சொட்டுக் கணக்கு

கசிவு எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பத்து நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக் கொள்ளலாம். பார்வைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் மணிக்கு 360 சொட்டு ஆகிறது. சுமார் 20 சொட்டு ஒரு மில்லி என்றால், மணிக்கு 18 மில்லி. எட்டு மணி நேரம் உழுதால் 144 மில்லி. பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். அந்த 250 மணிக்குள் கசிந்து போவது நாலரை லிட்டர்! சிறிய டிராக்டரின் இஞ்சினில் ஊற்றும் மொத்த ஆயிலில் பாதிக்கு மேல் இப்படியே மண்ணுக்குப் போய்விடுகிறது. ஆயில் லிட்டர் என்ன விலை என்பதைக் கடையில் காசு கொடுத்தவர்கள் அறிவார்கள். புதுப் பேக்கிங்கின் விலையோ பெரும்பாலான சிறிய இஞ்சின்களுக்கு ஒரு லிட்டர் ஆயிலின் விலைக்குக்கூட வராது.

காசு நஷ்டத்தோடு இது நிற்பதில்லை. கசிந்த ஆயில் இஞ்சின் பக்கவாட்டில் வழியும்போது புழுதி ஒட்டிக்கொள்கிறது. மானாவாரி நிலத்தில் கோடை உழவு ஓட்டும்போது எழும் செம்புழுதி, ஆயிலோடு சேர்ந்து விரற்கடை கனத்துக்குப் படிந்துவிடும். இஞ்சினின் சூடு வெளியேற வழி இல்லாமல் போகிறது. காற்றால் குளிரும் இஞ்சினாக இருந்தால் இந்தக் கேடு இன்னும் அதிகம். ஆயில் பட்ட ரப்பர் ஹோஸ் உப்பி மெத்தென்று ஆகிவிடும். ஃபேன் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். புகைபோக்கி பொருந்தியிருக்கும் சூடான குழாயின்மேல் சொட்டினால் நெடி வரும், புகை வரும். ராகிக் கதிரடிக்கும் களத்தில், காய்ந்த தாளுக்கு நடுவே, இப்படிப் புகையும் இஞ்சினை நிறுத்துவது நெருப்போடு விளையாடுவதாகும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது, ஆயில் அளவு குறைந்தது தெரியாமல் ஓட்டிவிடுவது. காலையில் டிப் ஸ்டிக்கைப் பார்க்காமல் கிளம்பும் பழக்கமுள்ளவர்களுக்கு, ஒரு நாள் பேரிங் பிடித்துக்கொண்டு இஞ்சின் நின்ற பிறகே விஷயம் தெரிகிறது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது, கிராங்க் ஷாஃப்ட் வரை போய், ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கிவிடுகிறது.

இஞ்சின் செய்யும் ஊரிலே!

இந்த நிலைமை வேறு எங்காவது இருந்தால் மன்னிக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதுதான் விந்தை. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்த பிறகு, மானாவாரிப் பூமியாக இருந்த இந்தப் பகுதி இயந்திரத் தொழிலின் பேட்டையாக மாறியது. 1980-ல் அசோக் லேலண்டின் லாரி ஆலை இங்கே வந்தது. அதே ஆண்டில்தான் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து புறப்பட்டது. பவர் டில்லருக்குப் பெயர் பெற்ற வி.எஸ்.டி. நிறுவனம் 1967-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அதன் சிறிய டிராக்டர்கள் ஓசூரில்தான் தயாராகின்றன. இந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளோ எண்ணிலடங்கா.

பாகலூர், பேரிகை, தளி, மத்திகிரி என்று சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து விவசாயிகளின் பிள்ளைகள் ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். பெண் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். நட்டு எவ்வளவு இறுக்க வேண்டும், பேக்கிங் எப்படி உட்கார வேண்டும் என்பது அவர்களில் பலருக்குத் தினப்படி வேலை. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் தகப்பனாரின் டிராக்டர் ஆயிலைச் சொட்டிக்கொண்டு நிற்கிறது. மெக்கானிக் வருவார் என்று வீடே காத்திருக்கிறது. கம்பெனியில் கற்ற கைத்திறன் கம்பெனி வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது அந்தத் திறன் களத்துமேட்டுக்கு வந்தால் போதும், பாதிக் கசிவு நின்றுவிடும்.

மழை பெய்து மண்ணில் ஈரம் இருக்கும் நாட்கள் சிலவே. ராகி விதைப்புக்கு உழவு ஓட்ட வேண்டிய அந்த நாட்களில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால், பிறகு வாடகை வண்டிக்கும் ஆள் கிடைக்காது. ஒர்க்‌ஷாப்பிலும் அப்போதுதான் கூட்டம். ஆகவே இந்த வேலையை வேலை இல்லாத நாளில், வீட்டிலேயே முடித்து வைப்பதே விவசாயிக்கு லாபம்.

கசிவு எங்கிருந்து?

முதலில், கசிவது அந்தப் பேக்கிங்தானா என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். ஆயில் மேலிருந்து கீழே வழியும். ஓட்டுகிறபோது ஃபேன் காற்றில் பின்பக்கமும் ஓடும். ஆகவே கீழே ஈரம் கண்ட இடமே கசியும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. இஞ்சின் ஆறியபின் டீசலும் பிரஷும் கொண்டு வெளிப்புறத்தைக் கழுவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கவரின் ஓரம் முழுவதும் சாதாரண முகப் பவுடரை மெல்லத் தூவ வேண்டும். பத்து நிமிஷம் இஞ்சினை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்த்தால், பவுடர் எங்கே முதலில் நனைந்து கோடு போடுகிறதோ அதுவே கசியும் இடம். ஓடும்போது ஃபேன், பெல்ட் அருகே கை, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் போகக் கூடாது.

இரண்டாவதாக, டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்கு மேலே ஆயில் நிற்குமானால், அதிகப்படி ஆயிலும் கசிவுக்கு ஒரு காரணம். அதை முதலில் சரி செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, மூச்சுக்குழாய். பிரீதர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதையே. இஞ்சின் உள்ளே உண்டாகும் புகையும் காற்றும் வெளியேற வைத்த வழி இது. சில இஞ்சின்களில் ராக்கர் கவர் மேலேயே இருக்கும். சிலவற்றில் பக்கத்தில் குழாயாகத் தொங்கும். குளவி கூடு கட்டியோ, புழுதியும் ஆயிலும் சேர்ந்தோ இது அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைப் பேக்கிங் வழியாக வெளியே தள்ளும். புதுப் பேக்கிங் போட்டு ஒரே வாரத்தில் மறுபடியும் கசிகிறது என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த மூச்சுக்குழாயைத் திரும்பிப் பார்க்காதவர்களே. டீசலில் கழுவி, ஊதிப் பார்த்துப் பொருத்துவதற்குக் காசே வேண்டாம்.

எந்தப் பேக்கிங்?

பழைய இஞ்சின்களில் தக்கைப் பேக்கிங்கே அதிகம். தக்கையும் ரப்பரும் கலந்ததும் உண்டு. புதிய வண்டிகளில் கவரின் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் பேக்கிங் வருகிறது. சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து, இவை இறுகிப் போய் ஓடு போல் உடையும். நசுங்கி நசுங்கி எழும்பும் குணத்தை இழந்துவிட்டால் கசிவு தொடங்கும்.

கடைக்குப் போகும்போது "பேக்கிங் கொடுங்கள்" என்று மட்டும் கேட்கக் கூடாது. வண்டியின் மாடலையும், இஞ்சின் மேல் தட்டில் உள்ள நம்பரையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் 40 கிலோ மீட்டர் பஸ் ஏறி பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போய் வாங்கி வந்தாலும், வீட்டில் வைத்துப் பார்க்கும்போது துளை பொருந்தாது. பில் வாங்க வேண்டும். கவரை இறுக்கும் நட்டுகளுக்கு அடியில் வரும் செம்பு அல்லது ரப்பர் வாஷர்களையும் சேர்த்து வாங்க வேண்டும். பேக்கிங்கை மாற்றிவிட்டு வாஷரை விட்டுவிட்டால், நட்டு வழியே கசிவு தொடரும்.

கடையில் நாள்பட்டுக் கிடந்த தக்கைப் பேக்கிங் காய்ந்து சுருங்கி, துளைகள் ஒத்துவராமல் இருப்பதுண்டு. சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் போட்டு எடுத்தால் அளவுக்கு வந்துவிடும். துடைத்து, ஈரம் உலரவிட்டுப் பொருத்த வேண்டும். வளைத்தால் நொறுங்கும் தக்கையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

வேலை செய்யும் முறை

வண்டியைச் சமதரையில், புழுதிக் காற்று அடிக்காத இடத்தில் நிறுத்த வேண்டும். இஞ்சின் முழுவதும் ஆற வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பானெட்டைத் திறந்து, கவரைச் சுற்றிலும் மறுபடி ஒரு முறை மண் இல்லாமல் துடைக்க வேண்டும். இந்த வேலையில் விவசாயி கொள்ள வேண்டிய ஒரே பெரிய அச்சம் மண்தான். திறந்த இஞ்சினுக்குள் ஒரு சிட்டிகை மணல் விழுந்தாலும், அது ஆயிலோடு ஓடிப் பேரிங்கைத் தின்னும்.

கவர்மேல் குறுக்கே போகும் மூச்சுக்குழாய், டீசல் திரும்பும் சிறு குழாய் முதலியவற்றை எது எங்கே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு கழற்ற வேண்டும். கையில் செல்போன் இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக் கொள்ளலாம். சில டிராக்டர்களில் டீசல் டாங்கியே கவருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், துணைக்கு ஆள் இல்லாமல் தொடங்கக் கூடாது. சில இஞ்சின்களில் ஒரே நீளக் கவர் இருக்கும். சிலவற்றில் சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனிக் கவர் இருக்கும். பவர் டில்லரில் சிலிண்டர் படுக்கை வாக்கில் இருப்பதால் கவர் ஒரு பக்கமாக இருக்கும். திறக்கும்போது உள்ளே தங்கிய ஆயில் வடியும் என்பதால் அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டும்.

நட்டுகளை ஒன்றை ஒரேயடியாகக் கழற்றாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பக் கூடாது. இந்த ஒரு தவறால் கெட்டுப் போன கவர்கள் ஏராளம். மரச் சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் விட்டுக் கொடுக்கும்.

கவரை எடுத்ததும், திறந்த பகுதியைச் சுத்தமான, நூல் பிரியாத துணியால் மூட வேண்டும். பழைய பேக்கிங்கின் ஒட்டலை மூங்கில் சிம்பாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டி எடுக்க வேண்டும். இரும்புக் கத்தி அலுமினியத்தில் கோடு போட்டுவிடும், கோடு விழுந்தால் அந்த வழியே கசியும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், அதன் துகள் உள்ளே விழும். சுரண்டிய துணுக்கு ஒன்றும் உள்ளே போகாமல் எடுத்துவிட்டு, இரண்டு முகப்பையும் ஆயில் பிசுக்கு இல்லாமல் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

அடுத்து, கவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்குக் கருவி தேட வேண்டியதில்லை. பாலீஷ் போட்ட கிரானைட் துண்டு எந்த ஊரிலும் கிடைக்கும். அதன்மேல் கவரைக் கவிழ்த்து வைத்தால் எங்கே தூக்கி நிற்கிறது என்று தெரியும். தகரக் கவரில், அளவுக்கு மீறி முறுக்கியதால் நட்டுத் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். மரக்கட்டையில் வைத்துத் தட்டி அதைச் சமப்படுத்தலாம். வார்ப்பு அலுமினியக் கவரைத் தட்டக் கூடாது. அது கோணியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுவதே வழி.

பேக்கிங்கைக் கவரின் பக்கம் உட்கார வைத்து, துளைகள் ஒத்து வருகின்றனவா என்று பார்த்து, கவரை நேராக இறக்க வேண்டும். நட்டுகளை முதலில் விரலால் சுற்ற வேண்டும். பிறகு நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கசிவுக்குப் பயந்து முழங்கை பலத்தையும் காட்டினால் தக்கை பிளந்துவிடும், கவர் வளைந்துவிடும், போல்ட்டே முறிந்தாலும் முறியும். சிறிய ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவே போதும். வண்டியோடு வந்த கையேட்டில் இறுக்க அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

கழற்றிய குழாய்களையும் பாட்டரிக் கம்பியையும் மாட்டி, ஆயில் அளவைப் பார்த்து, கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். ஆறியபின் நட்டுகளை ஒரு முறை தொட்டுப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் லேசாக இறுக்கினால் வேலை முடிந்தது. பத்து மணி நேரம் ஓடிய பிறகு மறுபடியும் பார்ப்பது நலம்.

பேஸ்ட் எனும் ஆபத்து

பேக்கிங் வாங்கச் சோம்பி, டியூபில் வரும் சிலிக்கான் பேஸ்டைப் பிதுக்கி அப்பி மூடிவிடும் பழக்கம் பெருகி வருகிறது. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை. உள்ளே தொங்கும் அந்தப் பிசிறு நாளடைவில் அறுந்து, ஆயிலோடு கீழே போய், சம்ப்பில் உள்ள ஸ்டிரெய்னர் வலையை அடைக்கும். ஆயில் ஏறாது. இஞ்சின் பிடித்துக்கொள்ளும். கசிவை நிறுத்தப் போய் இஞ்சினையே நிறுத்திய கதையாக இது முடியும். தக்கைப் பேக்கிங்குக்குக் கவரின் பக்கம் மட்டும் மெல்லிதாக ஷெல்லாக் தடவலாம். ரப்பர் பேக்கிங்குக்குக் கையேட்டில் சொன்ன மூலைகளில் தவிர வேறு எங்கும் பேஸ்ட் வேண்டியதில்லை.

எங்கே நிறுத்திக்கொள்வது?

கவரைத் திறக்கிற கணம், விவசாயிக்கு இஞ்சினின் ஆரோக்கியத்தைக் காட்டும் கணமும் ஆகும். டீசல் இஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பே. ஆனால் கவரின் உட்புறத்தில் மோர் திரண்டது போல வெளுத்த நுரை தடிமனாகப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். எப்போதாவது சற்று நேரம் மட்டும் ஓடும் இஞ்சினில் வியர்வை போலப் படியும் ஈரத்தால் கொஞ்சம் நுரை காணலாம். ஆனால் ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், அது ஹெட் பேக்கிங் சம்பந்தப்பட்டது. ஹெட் பேக்கிங்கும் ராக்கர் கவர் பேக்கிங்கும் பெயரில்தான் உறவு, வேலையில் இல்லை. ஹெட்டை இறக்குவது, அளவோடு இறுக்குவது, வால்வு பார்ப்பது எல்லாம் தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. அங்கே விவசாயி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அதேபோல், மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தும் அதன் வழியே குபுகுபுவென்று புகை வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். எத்தனை பேக்கிங் போட்டாலும் அந்தக் கசிவு நிற்காது. கவர் திறந்திருக்கிறதே என்று டேப்பெட் இடைவெளியைத் திருகிப் பார்ப்பதும் கூடாது. ஒவ்வொரு இஞ்சினுக்கும் அது ஒவ்வொரு அளவு. ஃபீலர் கேஜும் பழக்கமும் இல்லாதவர்கள் தொட வேண்டாம். வாரண்டி காலம் முடியாத புது வண்டியையும் கம்பெனி ஆள் இல்லாமல் திறக்கக் கூடாது. அந்தக் கசிவைச் சரி செய்து கொடுக்கும்படி கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

மெக்கானிக் பிழைப்பு என்னாவது?

இந்த யோசனைக்கு மறுப்புச் சொல்கிறவர்கள் உண்டு. "தெரியாத கை பட்டால் நூறு ரூபாய் வேலை ஆயிரம் ரூபாய் வேலை ஆகும்" என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மருந்து, கையைக் கட்டிக்கொள்வது அல்ல, கையைப் பழக்குவதே. முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால், இரண்டாம் தடவை தாமே செய்துவிடலாம். ஏர் கலப்பையின் கொழுவைத் தாமே மாற்றிய விவசாயிக்கு இது எட்டாத வேலை அல்ல.

"கிராமத்து மெக்கானிக் பிழைப்பில் மண் விழுமே" என்பது இரண்டாவது. விழாது. சில்லறைக் கசிவுக்காக அவரை ஊர் ஊராக அலைய வைப்பதால், பம்பும் நாசிலும் கியர் பெட்டியும் பார்க்க வேண்டிய அவருடைய நேரம்தான் வீணாகிறது. வண்டியை நன்றாக வைத்திருக்கத் தெரிந்த விவசாயிக்கு நல்ல மெக்கானிக்கின் அருமையும் தெரியும், அவருக்குரிய கூலியைக் கொடுக்க மனமும் வரும். ஒன்றும் தெரியாத விவசாயிதான், போடாத சாமானுக்கும் பில் கட்டுகிறார்.

செய்ய வேண்டியது என்ன?

தனி விவசாயியின் முயற்சி மட்டும் போதாது. விவசாய இயந்திரங்களைப் பற்றிய பயிற்சிக்கு, ஆந்திர மாநிலம் அனந்தப்பூர் அருகே கார்லதின்னேயில் மத்திய அரசின் தென் மண்டலப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. வசதிப்பட்டவர்கள் அங்கே போய் வரலாம். ஆனால் இரண்டு ஏக்கர் ராகியும் அரை ஏக்கர் தக்காளியும் வைத்திருப்பவர், மாட்டையும் வீட்டையும் விட்டுவிட்டு அத்தனை தூரம் போக முடியாது. பயிற்சிதான் அவரைத் தேடி வர வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரம் வாங்க மானியம் தருகிறது, வாடகைக்கும் விடுகிறது. வாங்கிய இயந்திரத்தைப் பேணக் கற்றுத் தருவதற்கும் அதே முக்கியத்துவம் தர வேண்டும். பந்தலில் உட்கார வைத்துப் பேசி, துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்பும் பயிற்சியால் யாதொரு பயனும் இல்லை. பழைய இஞ்சின் ஒன்றை நடுவில் வைத்து, விவசாயியின் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, கவரைக் கழற்றி மாட்ட வைக்க வேண்டும். மாவட்டத்தில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் மாணவர்களைக் கிராமத்துக்கு அழைத்து வந்தால், அவர்களுக்கும் அது பாடமாகும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உரத்தோடும் விதையோடும் கூட, அந்தப் பகுதியில் அதிகம் ஓடும் நான்கைந்து வண்டிகளுக்குரிய பேக்கிங், வாஷர், ஃபில்டர் ஆகியவற்றை விற்பனைக்கு வைக்கலாம். மாதந்தோறும் கலெக்டர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தண்ணீரும் யானையும் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதான். இதையும் யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.

ஆலைகளுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. சமுதாயப் பணிக்கென்று அவை பணம் ஒதுக்குகின்றன. தங்கள் தொழிலாளர்களில் விருப்பமுள்ளவர்களை, மாதம் ஒரு ஞாயிறு சொந்த ஊரில் இப்படியொரு முகாம் நடத்த அனுப்பினால் செலவு சொற்பம், பயன் பெரிது. ஆலைகளுக்காக நிலம் கொடுத்தது இந்தக் கிராமங்கள்தானே!

அதுவரை விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் ஓர் இடம் இருப்பதுபோல, ஒரு ஸ்பேனர் செட், மரச் சுத்தி, பிரஷ், சுத்தமான துணி, ஒரு பேக்கிங் ஆகியவை கொண்ட பெட்டிக்கும் ஓர் இடம் வேண்டும். வடித்த பழைய ஆயிலைக் கிணற்றங்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் கேனில் பிடித்து வைக்க வேண்டும். காலையில் மாட்டைத் தடவிப் பார்ப்பதுபோல, டிப் ஸ்டிக்கையும் கவரின் ஓரத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தரையில் உள்ள அந்தக் கறுப்பு வட்டம் அடுத்த மழைக்குள் பெருகாமல் நின்றால், அந்த வீட்டில் ஒரு செலவு நின்றது என்று பொருள்.